கேம்ஸ் கேள்வி பதில்: 22 மணி நேர கேரக்டர் ஒரே நிமிஷத்துல போச்சு!

போன இதழ்ல 'கேவ்ஸ் ஆஃப் குட்' (ஒரு கேரக்டர உருவாக்கி விசித்திரமான ஒரு உலகத்த சுத்தற கம்ப்யூட்டர் கேம்) பத்தி எழுதினதுக்கு நிறைய மெயில் வந்திருக்கு. பாதி பேர் ரொம்ப புடிச்சிருக்குன்னும் பாதி பேர் கடுப்பா இருக்குன்னும் எழுதியிருக்கீங்க, சில பேர் ஒரே மெயில்லயே ரெண்டையும் எழுதியிருக்கீங்க. அதனால இந்த தடவை முழு பகுதியும் இதுக்கே.

கேள்வி: அண்ணா, நீங்க எழுதினத படிச்சிட்டு வாங்கினேன். மனசு சக்தி எல்லாம் எடுத்து ஒரு கேரக்டர் பண்ணி 22 மணி நேரம் விளையாடினேன், லெவல் 18 வந்துட்டேன். திடீர்னு எங்கேர்ந்தோ ஒருத்தன் வந்தான், மூணு டர்ன்ல என் தலைய காலி பண்ணிட்டான். சேவும் போச்சு. இதுல என்ன ஜாலி இருக்குன்னு எனக்கு நெஜமாவே புரியல. (கல்லூரி மாணவர், கோவை)

பதில்: தம்பி, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், உங்க கோவம் நியாயமானது. 22 மணி நேரம்னா சும்மா இல்ல. அந்த கேரக்டருக்கு பேர் வச்சிருப்பீங்க, எந்த ஊர்ல யார்கிட்ட நல்ல பேர் வாங்கினோம்னு ஞாபகம் இருக்கும், அதெல்லாம் ஒரு நிமிஷத்துல இல்லாம போனா வயிறு எரியத்தான் செய்யும்.

ஆனா உங்கள கொன்னவன் எங்கேர்ந்தோ வரல. இந்த கேம்ல 'கிளிம்மர்'னு ஒரு கணக்கு ஓடிக்கிட்டே இருக்கு. மனசு சம்பந்தப்பட்ட மியூட்டேஷன, அதாவது கேரக்டரோட விசேஷ சக்திய ஏத்த ஏத்த அந்த எண்ணும் ஏறும், 20ஐ தாண்டிடுச்சுன்னா உங்கள மாதிரியே மனசு சக்தி இருக்கற வேட்டைக்காரங்களுக்கு நீங்க இருக்கறது தெரிய ஆரம்பிக்கும், அப்புறம் தேடி வர ஆரம்பிப்பாங்க. சக்தி கூடக்கூட இருட்டுல விளக்கு ஏத்தி வச்ச மாதிரி தூரத்துலேர்ந்தே தெரியறீங்க, அவ்வளவுதான் விஷயம். எனக்கு இந்த கேம்லயே ரொம்ப புடிச்ச யோசனை இது. மத்த கேம்ல எல்லாம் லெவல் ஏறினா பலம் ஏறும், அதோட முடிஞ்சுது. இங்க பலம் ஏறினா உங்கள பாக்கற கண்ணும் ஏறுது.

வேட்டைக்காரன் வரும்போது இந்த இடத்துக்கு சம்பந்தமில்லாத ஏதோ ஒண்ணு இங்க இருக்குங்கற மாதிரி ஒரு வரி வரும். நீங்க அத பாத்திருக்க மாட்டீங்க, ஏன்னா அந்த நேரத்துல கடகடன்னு நடந்துட்டு இருந்திருப்பீங்க. இது டர்ன் பேஸ்டு கேம், நீங்க கீய தொடாத வரைக்கும் அந்த ஊர்ல ஒரு ஈ கூட அசையாது. ஒரு நாள் முழுக்க யோசிச்சிட்டு நாளைக்கு வந்து அடுத்த அடி வைக்கலாம், ஒண்ணும் ஆகாது. ஆனா 20 மணி நேரம் விளையாடினதுக்கு அப்புறம் விரல் தானா ஓட ஆரம்பிச்சிடும், அங்கதான் எல்லாரும் சாகறோம். நானும் அப்படித்தான் செத்திருக்கேன், ஒரு தடவை இல்ல.

இதுல கேமோட தப்பும் இருக்கு, அதையும் சொல்லணும். அந்த ஒரு வரிக்கு என்ன அர்த்தம்னு முதல் தடவை பாக்கறவனுக்கு எப்படி தெரியும்? கிளிம்மர்ங்கற வார்த்தை கண்ணுல படலாம், அது 20 தாண்டினா என்ன நடக்கும்னு யாரும் பக்கத்துல உக்காந்து சொல்றதில்ல. கேம் உங்களுக்கு நேரத்த அள்ளி அள்ளி குடுக்குது, விஷயத்த மட்டும் குடுக்க மாட்டேங்குது. கஷ்டமான கேமா இருந்தா தப்பே இல்ல, ஆனா தெரியாத விஷயத்துக்காக 22 மணி நேரம் போறது கொஞ்சம் அதிகம்தான்.

அடுத்த கேரக்டருக்கு ரெண்டு விஷயம் சொல்றேன். 'பிரிகாக்னிஷன்'னு ஒரு மியூட்டேஷன் இருக்கு, அத எடுங்க. அத போட்டுட்டீங்கன்னா கொஞ்ச டர்னுக்கு வரப்போறத முன்கூட்டியே விளையாடி பாக்கலாம், நடுவுல செத்தா கூட போட்ட இடத்துக்கே திரும்பிடலாம். சண்டைக்கு மட்டும்னு வச்சிக்காம தெரியாத மெஷின நோண்டறதுக்கு முன்னாடியும் போடுங்க. இன்னொண்ணு, புதுசா எது கண்ணுல பட்டாலும் லுக் கீ அழுத்தி பாருங்க, அது உங்களுக்கு சுலபமா கஷ்டமான்னு கேமே சொல்லும். 'இம்பாஸிபிள்'னு போட்டிருந்தா நம்பிடுங்க, ஓடிடுங்க.

கேள்வி: ரோக்லைக், ரோக்லைக்னு நீங்க எழுதிக்கிட்டே இருக்கீங்க. ரோக்னா யாரு? (வாசகி, மதுரை)

பதில்: ரோக்குங்கறது 1980ல வந்த ஒரு கேமோட பேருங்க. மைக்கேல் டாய், க்ளென் விக்மன்னு ரெண்டு பேர் கலிஃபோர்னியாவுல, சாண்டா குரூஸ் யூனிவர்சிட்டில படிக்கறப்ப பண்ணது, அப்புறம் பெர்க்லில கென் அர்னால்டும் சேர்ந்துக்கிட்டார். படமே கிடையாது, ஸ்கிரீன் முழுக்க எழுத்துதான். நீங்க ஒரு '@' குறி, இங்கிலீஷ்ல இருக்கற 26 எழுத்தும் 26 வகை மிருகம். ஒவ்வொரு தடவையும் குகை புதுசா மாறி வரும், செத்தா முதல்லேர்ந்து. யூனிக்ஸ்ங்கற ஆபரேட்டிங் சிஸ்டம் கூடவே போனதால அந்த கால காலேஜ் கம்ப்யூட்டர்ல எல்லாம் பரவிடுச்சு. அது மாதிரி வர்ற கேமுக்கெல்லாம் ரோக்லைக், அதாவது ரோக் மாதிரின்னு பேர் ஒட்டிக்கிச்சு.

இன்னிக்கும் பழசோட தடயம் இருக்கு. குட் கேம்ல ஒரு ஸ்கிரீன் 80க்கு 25 கட்டம், அது அந்த கால கம்ப்யூட்டரோட எழுத்து ஸ்கிரீன் அளவு.

கேள்வி: தம்பி, எனக்கு வயசு 61. பேரன் விளையாடற துப்பாக்கி கேம் எல்லாம் பாத்தா ஆசையா இருக்கு, ஆனா கை அந்த வேகத்துக்கு வராது, மூட்டு வலி வேற. நீங்க எழுதின கேம் எனக்கு ஒத்து வருமா? (ஓய்வு பெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

பதில்: ஐயா, உங்க கடிதத்த நாலு தடவை படிச்சேன். உங்களுக்குத்தான் இந்த வகை கேம் சரியா ஒத்து வரும்னு நான் உறுதியா சொல்லுவேன்.

வேகமா அழுத்தினவன் ஜெயிப்பான்ங்கற பேச்சே இங்க இல்ல. ஒரு கை விரல வச்சே விளையாடலாம், நடுவுல எந்திரிச்சு போய் காபி குடிச்சிட்டு வரலாம், யாராவது வந்தா பேசிட்டு வரலாம். எதிரி உங்க பக்கத்துல வாய பொளந்துக்கிட்டு நின்னுட்டு இருப்பான், நீங்க திரும்பி வர்ற வரைக்கும் அப்படியே நிப்பான். சதுரங்கம் ஆடறவங்களுக்கு இது பழகின விஷயம்தான்.

ஆனா 'குட்' கேம முதல்ல எடுக்காதீங்க, அதுல கீ நிறைய, படிக்கவும் நிறைய. உங்களுக்கு ரெண்டு சொல்றேன். 'இன்ட்டு தி ப்ரீச்'னு 2018ல வந்தது. 8க்கு 8 கட்டம், சதுரங்க பலகை அளவேதான். மூணு பெரிய ரோபோ உங்க கையில, பூமிக்கு அடியிலேர்ந்து ராட்சச பூச்சிங்க வரும். ஒவ்வொரு பூச்சியும் அடுத்து எங்க அடிக்கப்போகுதுன்னு உங்க முறை வர்றதுக்கு முன்னாடியே காட்டிடும். ஒளிச்சு வச்சு அடிக்கற வேலை ரொம்ப கம்மி, அதனால தோத்தா எங்க தப்பு பண்ணோம்னு உங்களுக்கே தெரிஞ்சிடும். துப்பாக்கிதான் வேணும்னா 'ஜூபிடர் ஹெல்', 2021ல முழுசா வந்தது. வியாழனோட துணைக்கோள் காலிஸ்டோ, யூரோபா, ஐயோ, அங்கெல்லாம் போய் சுடறது. பாக்கறதுக்கு பேரன் விளையாடற கேம் மாதிரியே இருக்கும், ஆனா நீங்க ஒரு அடி வச்சாத்தான் எதிரியும் ஒரு அடி வைப்பான். மறைஞ்சு நின்னு சுடறதுதான் அதுல முக்கியம். பேரனையும் பக்கத்துல உக்கார வச்சுக்கோங்க.

கேள்வி: நான் ரோல்ப்ளே மோடுல விளையாடறேன்னு சொன்னா ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் அது சீட்டிங்னு சொல்றாங்க. பர்மாடெத் இல்லாம விளையாடினா அது ரோக்லைக்கே இல்லயாமே? (ஐடி ஊழியர், சென்னை)

பதில்: அவங்க சொல்றத விட்டுத் தள்ளுங்க. அந்த மோட கேம் பண்ணவங்களே வச்சிருக்காங்க, ஏதோ ஓட்டை வழியா நீங்க உள்ள போகல.

தெரியாதவங்களுக்காக சொல்றேன். 'குட்' கேம்ல கிளாசிக் மோடுல செத்தா சேவ் அழிஞ்சிடும், பர்மாடெத்ங்கறது அதுதான். ரோல்ப்ளே மோடுல ஊருக்குள்ள நுழையும்போது தானா சேவ் ஆகும், செத்தா அங்கேர்ந்து தொடரலாம். வாண்டர் மோடுன்னு ஒண்ணு இருக்கு, அதுல பெரும்பாலான மிருகம் உங்க மேல பாயாது, கொன்னா எக்ஸ்பீரியன்ஸும் (லெவல் ஏத்தற பாயிண்ட்) கிடைக்காது, புது இடம் கண்டுபிடிச்சா, ஆளுங்களோட பழகினா அதுக்குத்தான் கிடைக்கும்.

செத்தா எல்லாம் போகணும்ங்கறது எதுக்கு வந்துச்சுன்னு யோசிங்க. ரோக் மாதிரி கேம் ஒரு தடவை ஆடினா சில மணி நேரத்துல முடிஞ்சிடும், செத்தா அடுத்தது புதுசா தொடங்கினா நஷ்டம் பெருசா இல்ல, அந்த பயம்தான் ஒவ்வொரு அடியையும் யோசிச்சு வைக்க வைக்குது. குட் அப்படி இல்ல. முக்கிய கதைய மட்டும் புடிச்சு போனா கூட பல வாரம் ஆகும். முதல்ல ஜோப்பாங்கற சின்ன ஊர், சதுப்பு நிலத்துல வாட்டர்வைன் பயிர் பண்றவங்க, மெஹ்மெத்னு ஒரு விவசாயி பயிர ஏதோ பூச்சி திங்குது பாருங்கன்னு சொல்லுவார், ஆர்கைவ்னு ஒரு மெஷின் பைத்தியம் எதாவது பழைய சாமான் கொண்டு வான்னு கேப்பார். இத எட்டாவது தடவையா பண்ணும்போது கேம் மேல இருக்கற பாசமே போயிடும். எனக்கு போச்சு. கிளாசிக்லயேதான் விளையாடுவேன்னு பிடிவாதமா இருந்தேன், ஆறு மாசம் அந்த கேம தொடவே இல்ல, அப்புறம் ரோல்ப்ளே மோடுல போனதுக்கு அப்புறம்தான் ஜோப்பாவ தாண்டி இருக்கற உலகத்த பாத்தேன். கிரிட் கேட், பெத்தெஸ்டா சூசா, கல்லறை கோபுரம்னு எவ்வளவு இருக்கு. அதையெல்லாம் பாக்காமலே விட்டிருப்பேன்.

அதே சமயம் கிளாசிக் மோடுல கிடைக்கற ஒரு நடுக்கம் இருக்கு பாருங்க, அது ரோல்ப்ளேல வராது, அதையும் மறைக்க வேண்டியதில்ல. ரெண்டு வெவ்வேற அனுபவம். கேம நல்லா தெரிஞ்சதுக்கு அப்புறம் ஒரு கிளாசிக் கேரக்டர் ஆரம்பிங்க, அப்ப உங்க கை நடுங்கும், அதுக்கு ஒரு மதிப்பும் இருக்கும்.

கேள்வி: குட் கேம்ல வர்ற ஊர்ல ஏன் தண்ணிய காசா வச்சிருக்காங்க? (பள்ளி மாணவி, திருநெல்வேலி)

பதில்: நல்ல கேள்விம்மா. அங்க நல்ல தண்ணி கிடைக்கறது கஷ்டம். பக்கத்துல உப்புப் பாலைவனம், ஊர சுத்தி உப்பு சதுப்பு. அதனால எது வாங்கினாலும் இத்தனை டிராம் (அந்த கேம்ல தண்ணிய அளக்கற அளவு) நல்ல தண்ணின்னுதான் விலை. தாகம் எடுத்தா அதையேதான் குடிக்கணும், அதாவது உங்க பர்ஸ நீங்களே குடிக்கணும்!

தண்ணிக்கு எடையும் இருக்கு, நாலு டிராம் ஒரு பவுண்ட். பணக்காரனானா முதுகுல மூட்டை ஏறும், நடக்கவே முடியாம போயிடும், அதனால தண்ணிய விட எடை கம்மியா விலை கூடவா இருக்கற சாமான தேடி மாத்தி வச்சிக்க வேண்டி வரும். தெரியாம உப்புத் தண்ணிய அதே தோல் பையில ஊத்திட்டீங்கன்னா மொத்தமும் கெட்டுடும், காசெல்லாம் செல்லாம போன மாதிரி ஆயிடும். எனக்கு நடந்திருக்கு, அன்னிக்கு ரொம்ப நேரம் ஸ்கிரீனையே பாத்துட்டு உக்காந்திருந்தேன்.

இதுலேயே அழகான விஷயம், தண்ணிய பங்கு போட்டுக்கறதுதான் அங்க உறவு. பெரிய ஆள் ஒருத்தர பாத்தா ஒரு டிராம் தண்ணி பகிர்ந்துக்கலாம், அதுக்கு அப்புறம் நீங்க அவருக்கு சொந்தம் மாதிரி. அவரோட கூட்டத்துல உங்களுக்கு நல்ல பேர் வரும், ரகசியம் சொல்லுவார், கலை கத்துக் குடுப்பார், கூட வரவும் செய்வார். தண்ணி பகிர்ந்த ஆள கொன்னா உலகத்துல இருக்கற எல்லா கூட்டத்துலயும் உங்க பேர் கெட்டுடும். உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு நாம சொல்லுவோம், உப்பே நிறைஞ்ச அந்த ஊர்ல தண்ணி குடுத்தவர நினைக்கறாங்க.

கேள்வி: கதை எல்லாம் ஓகே, ஆனா அந்த இங்கிலீஷ்! டிக்‌ஷனரி இல்லாம ஒரு பக்கம் கூட ஓட்ட முடியல. கீபோர்டுல இருக்கற எல்லா கீயும் எதாவது ஒண்ணு பண்ணுது. பாதில விட்டுட்டேன். (வாசகர், சேலம்)

பதில்: விட்டதுக்கு உங்கள குறை சொல்ல மாட்டேன். வேணும்னே பழைய, கரடுமுரடான வார்த்தையா போட்டு எழுதியிருக்காங்க, இங்கிலீஷ் தாய்மொழியா இருக்கறவங்களே தடுமாறுவாங்க. தமிழ்ல இல்ல. ஆனா அந்த எழுத்து அலங்காரத்துக்கு போட்டது இல்ல, அந்த உலகத்தோட பழமைய அதுதான் சொல்லுது. ஒவ்வொரு தடவையும் பழைய சுல்தான்களோட வரலாற புதுசா உருவாக்குது, இடிஞ்ச கோவில்லயும் செதுக்கின பாத்திரத்துலயும் துண்டு துண்டா அந்த கதை கிடைக்கும். நான் முதல்ல எல்லாத்தையும் படிக்கணும்னு நினைச்சேன், அதுதான் தப்பு. சாமானோட எண்ணையும் யார் நண்பன் யார் எதிரிங்கறதையும் மட்டும் படிச்சிட்டு போங்க, பத்து மணி நேரம் கழிச்சு வார்த்தையெல்லாம் தானா பழகிடும்.

கீ விஷயத்துல நிலைமை முன்ன மாதிரி இல்ல. 2007ல ஆரம்பிச்சு, 2015லேர்ந்து ஸ்டீம்ங்கற ஆன்லைன் கேம் கடையில பாதி கேமா இருந்து, 2024 டிசம்பர் 5ம் தேதிதான் முழு வெர்ஷனான 1.0 வந்துச்சு. ப்ரையன் பக்ளூ, ஜேசன் க்ரின்ப்ளாட்டுன்னு ரெண்டு பேர் அத்தனை வருஷம் விடாம செஞ்சிருக்காங்க. இப்ப மவுஸ், கன்ட்ரோலர் ரெண்டும் வேலை செய்யுது, புது ஆளுக்கு ஒரு டுடோரியலும் இருக்கு. நீங்க பாத்தது பழைய வெர்ஷன்னா இன்னொரு தடவை தொறந்து பாருங்க. எழுத்துக்கு மரியாதையும் கிடைச்சிருக்கு, 2025ல கேமுக்கான ஹ்யூகோ விருது (அறிவியல் புனைகதைக்கு குடுக்கற பெரிய விருது) இதுக்குத்தான் போச்சு.

கேள்வி: நான் 'காக்மைண்ட்' விளையாடறேன். பார்ட் எல்லாம் சேத்து சேத்து ஒரு சூப்பர் ரோபோ ஆவேன், ஒரு சண்டை, எல்லாம் பிச்சிக்கிட்டு போயிடும், மறுபடி நிர்வாணமா ஓடணும். இத எப்படி சமாளிக்கறது? (வாசகர், பெங்களூரு)

பதில்: ஆஹா, இதுக்கு பதில் எழுத நான் ரொம்ப நாளா காத்திட்டு இருந்தேன். 'ஜோஷ் கே'ங்கறவர் 2012ல ஏழு நாள்ல கேம் பண்ற போட்டிக்கு செஞ்ச ரோபோ கேம் இது, 2015ல விற்பனைக்கு வந்துச்சு, ஆனாலும் நிறைய பேருக்கு தெரியாது.

உங்க பிரச்சினை என்னன்னா நீங்க அத கொன்னு கொன்னு லெவல் ஏத்தற மத்த ஆர்பிஜி (ரோல்ப்ளே கேம்) மாதிரி விளையாடறீங்க. காக்மைண்ட்ல எதிரிய கொன்னா எக்ஸ்பீரியன்ஸே கிடையாது. ஒண்ணும் கிடையாது. அப்ப சண்டைங்கறது என்ன? உங்க பார்ட்ட செலவு பண்றது, அவ்வளவுதான். ஒவ்வொரு பார்ட்டும் உங்க மேல வர்ற குண்ட வாங்கிக்கற சட்டை மாதிரி, கிழியறதுக்குத்தான் இருக்கு. கீழேர்ந்து ஒவ்வொரு மாடியா மேல ஏறணும், மாடி ஏறினாத்தான் பார்ட் மாட்டறதுக்கு புது ஸ்லாட் கிடைக்கும், அதனால சண்டை போடாம பதுங்கி மேல போறவன்தான் வளருவான். அங்க சும்மா கூட்டிப் பெருக்கற, சாமான் தூக்கற ரோபோவெல்லாம் சுத்தும், அதுங்கள அடிச்சீங்கன்னா அலாரம் ஏறி பெரிய படையே கிளம்பி வரும். ரொம்ப பேர் இங்கதான் மாட்டிக்கறாங்க.

புடிச்ச துப்பாக்கிய கட்டிப்புடிச்சுக்காதீங்க. எனக்கும் அது கஷ்டமாத்தான் இருந்துச்சு, நல்ல பீரங்கி ஒண்ணு போனா மனசு உடைஞ்சு ரீஸ்டார்ட் பண்ணிடுவேன். அப்படி ஒரு நாள் ரீஸ்டார்ட் பண்ணாம ஒண்ணுமே இல்லாம ஓடினேன், கீழ கிடந்த காலையும் ஒரு சென்சாரையும் மாட்டிக்கிட்டு மூணு மாடி யார் கண்ணுலயும் படாம ஏறிட்டேன். அந்த மூணு மாடி எனக்கு குடுத்த சந்தோஷம் எந்த பீரங்கியும் குடுக்கல. ஒரு குறை இருக்கு, ஸ்கிரீன்ல எழுத்து ரொம்ப பொடிசு, சின்ன லேப்டாப்புல விளையாடினா கண்ணு வலிக்கும், நடுநடுவுல எந்திரிச்சிடுங்க.

கேள்வி: குட் கேம்ல நாற்காலிக்கு உயிர் குடுக்கலாம்னு அண்ணன் சொல்றான். அவன் எப்பவும் பொய் சொல்லுவான். இது உண்மையா? (எட்டாம் வகுப்பு, ஈரோடு)

பதில்: இந்த தடவை அண்ணன் சொன்னது உண்மைதான். மூளைய ஸ்ப்ரே பண்ற ஒரு டப்பா இருக்கு, ரொம்ப அபூர்வமாத்தான் கிடைக்கும். நாற்காலி மேல அடிச்சா அது முழிச்சுக்கும், உங்க கூட நடந்து வரும், உங்களுக்காக சண்டை போடும். கதவுக்கு அடிச்சா கதவும் அப்படித்தான். இப்படி புதுசா அறிவு வந்த சாமானுக்கெல்லாம் அந்த உலகத்துல தனியா ஒரு கூட்டமே இருக்கு, அவங்களோட நீங்க நல்ல பேர் வாங்கலாம், கெட்ட பேரும் வாங்கலாம். டப்பா கிடைச்சா எதுக்கு அடிச்சீங்கன்னு எனக்கு எழுதுங்க, அடுத்த இதழ்ல போடறேன்.